ஓகஸ்டில் காயும் பாறை

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு கலண்டர்தான் தொங்கும். செட்டியார் தெரு நகைக்கடை ஒன்று வருடா வருடம் கொடுப்பது. தினமும் ஒரு தாள் கிழிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினோம். அப்பா அதில் ராகு காலம், அட்டமி, நவமி, கரிநாள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெள்ளவத்தைச் சந்தைக்கே போவார். நான் அதே தாள்களின் மூலையில் பென்சிலால் மழையைக் குறித்து வைப்பேன். அவர் பார்ப்பது மூடநம்பிக்கை என்று நானும், நான் பார்ப்பது வெட்டிவேலை என்று அவரும் நினைத்துக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிட்டு வந்தோம்.

என் வேலை கப்பல்களில் சரக்குக்கு இடம் பதிவது. எந்தக் கப்பல் எப்போது வரும், எது பிந்தும் என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரை முதலில் உடைத்தது பண்டாரவளை மழை.

பாறை ஏறுவது எனக்கும் மனைவிக்கும் பொதுவான பைத்தியம். கொழும்பில் ஒரு கட்டடத்துக்குள் செயற்கைப் பாறைச் சுவர் கட்டி, காசு வாங்கிக்கொண்டு ஏற விடுவார்கள். ஒருவர் ஏறும்போது அவருடைய கயிற்றின் மறுமுனையை இன்னொருவர் கீழே நின்று பிடிக்க வேண்டும். ஏறுபவர் தவறினால் பிடித்திருப்பவர்தான் தாங்குவார். ஒரு சனிக்கிழமை நான் முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலமும் சிங்களமுமாக எல்லாரும் கத்திக்கொண்டிருந்த இடத்தில், மேலேயிருந்து "ஐயோ அம்மா, வழுக்குதே!" என்று தமிழில் ஒரு அலறல் வந்தது. அடுத்த கணம் அவளுடைய முழுப் பாரமும் என் இடுப்பில் இறங்கியது. கல்யாணத்துக்கு முன்பே அவளின் பாரம் எனக்குத் தெரியும் என்று நான் சொல்வதும், அதற்கு அவள் கையில் கிடைத்ததை எடுத்து எறிவதும் எங்கள் வீட்டு வழக்கம்.

அவள் பண்டாரவளைக்காரி. கொழும்புப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கல்யாணமான முதல் வருடம், அவளுடைய ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பாறை ஒன்றில் ஏறுவது என்று முடிவெடுத்து, டிசம்பர் விடுமுறைக்கு நானே திட்டம் போட்டேன். வெள்ளவத்தையில் டிசம்பர் அருமையான மாதம். கடல் அடங்கிக் கிடக்கும். ரயில் பாதை ஓரம் சாயந்தர வெயிலில் சனம் சும்மா உலாவும். யாழ்ப்பாணத்தில் மாரி கொட்டுகிறது என்று எங்களுக்குத் தெரியும். வடக்கில் மழை என்றால் தெற்கில் வெயில். எங்கள் வீடுகளில் இலங்கை அவ்வளவுதான். மலைநாடு என்று நடுவில் ஒன்று இருப்பதை நாங்கள் நினைப்பதே நுவரெலியாவுக்கு வாடகை வான் பிடிக்கும்போதுதான்.

பண்டாரவளையில் நாங்கள் தங்கியிருந்த நாள் முழுக்க மழை. பாறையைப் பார்க்கப் போனேன். அது அருவியாகி இருந்தது. மாமியார் ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்து, கம்பளியும் தந்து, என்னை ஒரு நோயாளியைப்போலப் பார்த்துக்கொண்டார். நான் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து பனிமூட்டத்தை முறைத்தேன். திரும்பும் ரயிலில் எரிச்சலை அடக்க முடியவில்லை.

"இஞ்ச டிசம்பரில மழை எண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியுமே."

"பிறகேன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்க எங்கம்மாவப் பாக்கத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். கயிறு, பாறை எல்லாம் சும்மா ஒரு சாக்குன்னு. எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திச்சு தெரியுமா?"

மாமியாரைப் பார்க்கத்தான் போனேன் என்று அந்த வீட்டில் இன்றும் நம்புகிறார்கள். அதை நான் திருத்தப் போவதில்லை.

அந்த ரயிலிலேயே அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். மலைக்கு இரண்டு பக்கம். மே மாதத்தில் மேற்கே இருந்து வரும் மழை கொழும்பையும் இரத்தினபுரியையும் ஹட்டனையும் நனைத்துவிட்டு, மலை உச்சியோடு நின்றுவிடும். அப்போது பண்டாரவளைப் பக்கம் வெறும் காற்றுத்தான். வருடக் கடைசியில் எல்லாம் மாறி, அந்தப் பக்கம் கொட்டும்போது கொழும்பு காயும். "நீங்க கொடையப் பிடிச்சிக்கிட்டுக் கெளம்பணும். அப்பதான் எங்க பாறை காஞ்சிருக்கும். ஓகஸ்ட்ல அப்பளம் மாதிரி கெடக்கும்" என்றாள். ஏப்ரல் லீவு சரிவராது. மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்கும். டிசம்பர் கதை தெரிந்ததே. ஆக, ஆசிரியைக்கு லீவும் பாறைக்கு வெயிலும் சேர்ந்து வருவது ஓகஸ்டில் மட்டும்தான். ஆனால் ஓகஸ்ட் என்றால் எங்கள் வீட்டில் நல்லூர் முருகன் திருவிழா. கொடியேறியதும் வீட்டில் மீன் நின்றுவிடும். தேருக்கு அப்பா எப்படியும் யாழ்ப்பாணம் போவார். கொழும்புக்கு வந்த நாளிலிருந்து, போரால் பாதை பூட்டிக் கிடந்த வருடங்கள் தவிர, அவர் தேரைத் தவறவிட்டதில்லை. நானும் கூடப் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

பாறையும் தேரும் மோதுவதற்கு முன்பே வேறொன்று நடந்தது. அடுத்து வந்த இரண்டு வருடங்களில் இரண்டு பிள்ளைகளை இழந்தோம். வயிற்றில் தங்கிச் சில வாரங்கள்தான். பிள்ளை என்று சொல்லலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்குப் பிள்ளைகள்தான். முதல் தடவை, தங்கியது தெரியாமல் இருவரும் அந்தச் சுவரில் ஏறியிருந்தோம். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். என் மனைவி தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்து கயிற்றையும் சப்பாத்துகளையும் இரும்புக் கொக்கிகளையும் ஒரு சூட்கேசில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். உப்புக் காற்றில் குளிர்சாதனப் பெட்டி, யன்னல் கம்பி, மின்விசிறி எல்லாம் துருப்பிடிக்கும். அந்தச் சூட்கேசை நான் திறந்து பார்த்தபோது கொக்கிகள் பளபளவென்று இருந்தன. எனக்குத் தெரியாமல் அவள் அவற்றை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று எனக்கு வந்த அழுகையைக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுது முடித்தேன். அவளை மறுபடி ஒரு பாறையில் பார்த்தால் போதும் என்று இருந்தது.

அந்த ஏப்ரலில் கலண்டரின் பின்தாள்களைப் புரட்டி ஓகஸ்டுக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன். போயா பௌர்ணமியோடு வரும் நீண்ட விடுமுறையை வெட்டினேன், பாதை நெரிசலுக்காக. அப்பாவின் தேர், தீர்த்தத்தை வெட்டினேன். அவர் சொன்ன கரிநாட்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். எஞ்சியது ஒரே ஒரு வாரம். யூன் மாதம் ஒரு மாலை, போனில் பண்டாரவளைக் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெள்ளவத்தை நனைந்துகொண்டிருந்தது. அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அந்த வாரத்த அழிச்சிருங்க. முழுகாம இருக்கேன்."

பயம்தான் முதலில் வந்தது. அவளுக்கும் அப்படித்தான் என்பது அவள் கை குளிர்ந்திருந்ததில் தெரிந்தது. பிறகு அழிறப்பரைத் தேடி எடுத்து அந்த வாரத்தை அழித்தேன்.

சுவர் ஏறும் சினேகிதர்கள் ஓகஸ்டில் வேறொரு பாறைக்குப் புறப்பட்டார்கள். கயிறு பிடிக்கவாவது வா என்று என்னைக் கூப்பிட்டார்கள். மனைவிக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது, எல்லாம் நலம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். போய் வாங்க என்றுதான் அவளும் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"பிள்ளைத்தாச்சியின்ர புருசன் மலை ஏறக்கூடாது."

இந்தச் சட்டத்தை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பிணம் காவக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்று வரும் நீண்ட வரிசையில் இதுவும் ஒன்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப நாங்கள் இருக்கிறது நாலாம் மாடி. லிப்ட் பழுது. படி ஏறலாமோ, இல்லாட்டித் தை மாசம் வரைக்கும் கீழ காவல் நிக்கிற வோச்சரோட படுக்கிறதோ?"

"பகிடி விடாதை."

"வயித்தில இருக்கிற பிள்ளைக்கு நான் எந்த உயரத்தில நிக்கிறன் எண்டு எப்பிடியப்பா தெரியும்?"

வழக்கமாக ஒன்றுக்கு மூன்று சொல்பவர், எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெற்றி பெற்றதாக நினைத்து, பையைக் கட்டத் தொடங்கினேன்.

மறுநாள் பின்னேரம் மழை விட்டிருந்தது. மனைவி பல்கனியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க போக வேணாங்க."

"நீயும் நம்பிறியோ?"

"நான் நம்பல. மாமா நம்புறாரு." அவள் துணியை உதறிக் கம்பியில் போட்டாள். "நேத்து ராவு எங்கிட்ட சொன்னாரு. ஒங்களுக்கு முன்னால ஒரு புள்ள இருந்திச்சாம்."

எனக்குத் தெரியாது. என் வயது நாற்பதை நெருங்குகிறது, எனக்குத் தெரியாது.

அவள் சொன்னது இதுதான். அப்பா அப்போது கொட்டாஞ்சேனையில் வாடகை அறை ஒன்றில் இருந்து அலுவலகம் போய் வந்திருக்கிறார். அம்மா யாழ்ப்பாணத்தில், ஆறு மாதம். கூட வேலை செய்தவர்கள் சிவனொளிபாதமலைக்குப் போக, இவரும் சேர்ந்துகொண்டார். மலை ஏறக்கூடாது என்ற சட்டம் அவருக்குத் தெரியும். ஆனால் இது சாமி மலைதானே, பிள்ளைக்காகக் கும்பிடத்தானே போகிறோம், இது அந்தக் கணக்கில் வராது என்று நினைத்திருக்கிறார். கும்பிட்டுவிட்டு இறங்கி அறைக்கு வந்தபோது கதவடியில் தந்தி கிடந்திருக்கிறது.

"டொக்டர் எங்கிட்ட சொன்னத மாமாகிட்ட அப்படியே சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. ஆனா அவரால நம்ப முடியல." அவள் இன்னொரு துணியை எடுத்தாள். "அத்த ஒரு நாளும் அவர ஒரு வார்த்த கேக்கலயாம். அதுதாங்க அவருக்குத் தாங்கல."

அம்மா இறந்து ஏழெட்டு வருடமாகிறது. எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாத மனிசி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அப்பா பிறகு எந்த மலையும் ஏறியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பமாகத் திருகோணமலை போனபோதும் கோணேசர் கோயிலுக்கு அம்மாவோடு எங்களை மேலே அனுப்பிவிட்டு, கால் நோவு என்று கீழேயே நின்றார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இராது.

நான் போகவில்லை. சினேகிதர்களுக்கு முதுகுவலி என்று சொன்னேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையை அவிழ்த்துச் சாமான்களைத் திரும்ப அடுக்குவதை அவர் கதவருகே நின்று பார்த்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் தன் பங்குப் பொரியலில் பாதியை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அந்த வருடத் தேருக்குத் தனியாகப் போய் வந்து, என் மனைவியின் நெற்றியில் தானே திருநீறு பூசினார். அதன் பிறகு தை மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் மெதுவாகத்தான் நடந்தோம், தரைக்கு நோகும் என்பதுபோல.

தை மாதக் கடைசியில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கியபோது அப்பா துணியை விலக்கிப் பார்த்தார். "முழுசா இருக்கிறாள்" என்றார்.

பாறை எங்கே ஓடப்போகிறது, அது அடுத்த ஓகஸ்டிலும் காயும் என்று மனைவிதான் சொன்னாள். திரும்பவும் பென்சிலும் கலண்டரும். இந்த முறை வெட்ட வேண்டியவை கூடியிருந்தன: தடுப்பூசி நாள், முதல் சோறு தீத்தும் நாள், முதற்பல்லுக்கு அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டை. மழை எப்போது வரும் என்று போன் சொல்கிறது. பல் எப்போது வரும் என்று எதுவும் சொல்வதில்லை. ஆனால் பெரிய சிக்கல் வேறு. ஒருவர் ஏற, ஒருவர் கயிறு பிடிக்க, பிள்ளையை யார் பிடிப்பது? மாமியாருக்கு முழங்கால் வருத்தம், பாறையடிக்கு நடக்க இயலாது. எஞ்சிய ஒரே வாரம் தேர் வாரம். மனைவி பென்சிலை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். "விடுங்க, அடுத்த வருசம் பாப்போம்" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தச் சூட்கேசின் நினைவு வந்தது.

அப்பா கதிரையில் இருந்து பேப்பருக்குப் பின்னால் கதைத்தார். "பிள்ளையை நான் வைச்சிருக்கிறன்."

"அது தேர் கிழமையப்பா."

"தெரியும். கலண்டர் எனக்கும் வாசிக்கத் தெரியும்."

"நீங்கள் தேருக்குப் போகேல்லையோ?"

"முருகன் ஒவ்வொரு வருசமும் வெளிய வருவார். உன்ர மனிசி போன முறையும் பாறைக்குப் போகேல்லை, அதுக்கு முந்தியும் போகேல்லை." அவர் பேப்பரைத் திருப்பினார். "காலமை ராகு காலத்துக்கு முந்தி வெளிக்கிட வேணும். அது மட்டும் சொல்லிப்போட்டன்."

ராகு காலத்துக்கு முந்தியே வெளிக்கிட்டோம், அவிசாவளையில் மழை பிடித்துக்கொண்டது. இரத்தினபுரியில் வைப்பர் வேலை செய்கிறதா என்றே தெரியாத அளவு கொட்டியது. "இந்த மழைக்கை என்ன பாறை?" என்று அப்பா மூன்று தடவை கேட்டார். "பாருங்க மாமா" என்று மூன்று தடவையும் அவள் சொன்னாள். பலாங்கொடை தாண்ட மழை மெலிந்தது. மேலே ஏற ஏறப் பாதை காய்ந்து வந்தது. அப்புத்தளையில் வலது பக்கம் வெயில், இடது பக்கம் முகில் மலையில் முட்டிக்கொண்டு நின்றது. என் மனைவி பின் இருக்கையில் மகளைத் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, அம்மா வீட்டுப் பக்கம்" என்று காட்டினாள். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து ஓட்டி, அப்பாவிடம் ஏச்சு வாங்கினேன்.

மறுநாள் தேர். பாறை அவள் சொன்னபடியே காய்ந்திருந்தது. தடவினால் கை சொரசொரத்தது. பாறையின் பின்பக்கமாக மானாப்புல்லுக்கு நடுவே மாடு மேய்ப்பவர்கள் போகும் பாதை ஒன்று உண்டு. அதால் நான் மேலே போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினேன். காற்று பயங்கரம். பத்தடி தள்ளி நின்றால் குரல் கேட்காது. அப்பா யூக்கலிப்டஸ் மரத்தடியில் பாயை விரித்து, மகளைத் துவாயால் சுற்றி மடியில் வைத்து, பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

மனைவி பிடி வழுக்காமலிருக்கக் கையில் வெண்கட்டித் தூளைப் பூசினாள். பாறையில் நெற்றியை ஒரு கணம் வைத்தாள். பிறகு ஏறினாள். பாதியில் ஒரு தடவை வழுக்கினாள், அவளுடைய பாரம் என் இடுப்பில் வந்து விழுந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! மேலே தொட்டபோது அவள் ஏதோ கத்தினாள், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. கயிற்றை மூன்று தரம் இழுத்தாள், இறக்கு என்று அர்த்தம். கீழே வந்தபோது அவள் முகம் முழுக்கக் கண்ணீரும் வெண்கட்டியுமாக இருந்தது. ஓடிப்போய் மகளை வாங்கிப் பால் கொடுத்தாள்.

அப்பா அப்போதுதான் திரும்பிப் பாறையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பின்னால ஒரு பாத இருக்கு மாமா. லேசா நடந்து போகலாம். போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

"நான் மலை ஏறிறேல்லைப் பிள்ளை."

அவள் பாலூட்டிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப யாருமே வயித்தோட இல்ல மாமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைச் சுற்றுவதில் மும்முரமாக இருப்பதாகப் பாவனை செய்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைப் பாயின் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு, அவர் புல்லுக்குள் நடந்தார். கூடப் போக எழுந்தேன். மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு பாறையின் உச்சியில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. காற்று அதை அடித்துக்கொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்து நின்றார். தேரைக் கண்டால் செய்வதுபோல இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கையை இறக்கி, குனிந்து எங்களைத் தேடினார். மனைவி மகளை உயரத் தூக்கிக் காட்டினாள். மகள் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள்.

இறங்கி வந்தவர் மூச்சு வாங்கியபடி பாயில் அமர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி மகளை வாங்கிக்கொண்டார். அவளுடைய தலையை, கையை, காலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"மேல நிண்டு என்னப்பா சொன்னனீங்கள்? அரோகராவோ?" என்று கேட்டேன்.

"அதுவும்தான்." மகளின் வாயோரத்துப் பாலைத் தன் சால்வை நுனியால் துடைத்தார். "உன்ர அம்மாட்டயும் ஒண்டு சொன்னனான்."

"என்னெண்டு?"

"நான் ஏறிப்போட்டன், பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு."